மருந்தோடு நடையும் வேண்டும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்ட பின்னர் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணிப்பது இக்கூட்டத்தின் வழக்கம். கடந்த ஆண்டுகளில் வட்டியின் கேடு, வரதட்சணை, பிள்ளைகளின் கல்வி ஆகியவை குறித்துப் பேசினேன். இவ்வாண்டு நான் தேர்ந்துகொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். மனச்சிதைவு நோய் என்று தமிழில் வழங்கப்படும் ஸ்கிசோஃப்ரினியா நோய்க்கு ஆளானவர்களின் நினைவாற்றலுக்கும், கவனத்திற்கும், சிந்திக்கும் திறனுக்கும் ஏரோபிக் உடற்பயிற்சி எவ்வாறு துணை செய்கிறது என்பதே அப்பொருள்.

"ஹஜ்ரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் அல்லன். மத்ரஸாவில் ஓதி வந்தவன். ஆயினும் இந்நோய் ஒரு வீட்டில் தலைகாட்டும்போது அக்குடும்பத்தார் முதலில் தட்டுவது மருத்துவரின் கதவை அன்று, இமாமின் அறைக் கதவைத்தான். அக்கதவைத் திறப்பவன் அறியாமையால் தவறான பதிலைச் சொல்வானாயின், ஓர் இளைஞனின் ஆண்டுகள் பாழாகிவிடும். அத்தகைய தவற்றை நான் ஒருமுறையன்று, இருமுறை செய்திருக்கிறேன். அதனை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டு பிறகு பொருளுக்குள் செல்கிறேன்.

ஒரு மாணவரும் என் இரு தவறுகளும்

நான் இப்பள்ளிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் என்னிடம் ஒரு மாணவர் ஹிஃப்ழு ஓதினார். அவருடைய பெயரும் தெருவும் வேண்டாம். அவருடைய சம்மதத்தையும் பெற்றோரின் சம்மதத்தையும் பெற்றே இதனைக் கூறுகிறேன். ஃபஜ்ருக்குப் பின் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் லுஹருக்குள் பிழையின்றி ஒப்புவித்துவிடுவார். பதினான்கு ஜுஸ்உகள் மனனம் செய்தார். பின்னர் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் சென்றார்.

பத்தொன்பதாம் வயதில் அவர் மாறத் தொடங்கினார். உறக்கம் குறைந்தது. தெருவில் நிற்பவர்கள் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். அறையில் யாரும் இல்லாதபோது தமக்குக் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். அவருடைய தந்தை கலங்கிப் போய் என்னிடம் வந்தார். நான் ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அதில் தவறில்லை. ஆனால் அத்துடன், "நாற்பது நாள் பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அதுவே என் முதல் தவறு. நாற்பது நாள்கள் எட்டு மாதங்களாயின. அதன் பிறகே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றார்கள்.

மருந்து வேலை செய்தது. சில மாதங்களில் குரல்கள் அடங்கின, அச்சம் தணிந்தது, உறக்கம் திரும்பியது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவர் பள்ளிக்கு வந்து என் அருகில் அமர்ந்தார். மகிழ்ச்சியுடன் முஸ்ஹஃபைத் திறந்து, முன்பு அவருக்கு மனப்பாடமாக இருந்த பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் வரிக்கு வருவதற்குள் முதல் வரி அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. முஸ்ஹஃபை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து சென்றார்.

அன்று மாலை அவருடைய தந்தையிடம் நான் சொன்னேன்: "நோய்தான் தீர்ந்துவிட்டதே. இனி இருப்பது சோம்பல். சற்றுக் கண்டித்து வையுங்கள்." தந்தை கண்டித்தார். மகன் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இது என் இரண்டாம் தவறு; முதலாவதைவிடப் பெரியது.

சில காலம் சென்று தந்தைக்கு உடல்நலம் குன்றியபோது, மாதாந்திர மருந்து வாங்க அந்த இளைஞருடன் நானே மருத்துவமனைக்குச் சென்றேன். அவரை வெளியே அமர வைத்துவிட்டு, நான் கண்டதையும் சொன்னதையும் மருத்துவரிடம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஹஜ்ரத், அது சோம்பல் அல்ல, அதுவும் நோயின் ஒரு பகுதியே. குரல்களை மருந்து அடக்கியிருக்கிறது. நினைவையும் கவனத்தையும் அது முழுமையாக மீட்டுத் தருவதில்லை." பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கிறார்?" எனக்கு விடை தெரியவில்லை. அதுவரை யாரும் அவரைக் குறித்து அப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே இவ்வுரைக்கு வித்து.

நோயின் மூன்று பகுதிகள்

சகோதரர்களே! இந்நோய் அரிதானது அன்று. உலகில் ஏறத்தாழ முந்நூறு முதல் முந்நூற்றைம்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது காணப்படுகிறது. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. சாதி, சமயம், செல்வம் எதையும் பார்த்து வருவதில்லை. நம் மஹல்லாவின் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை வீடுகளில் மாடியறைக் கதவு ஒன்று சாத்தியே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், பேசுவதுதான் இல்லை.

இந்நோய்க்கு மூன்று பகுதிகள் உள்ளன. இல்லாத குரல்களைக் கேட்பதும், இல்லாத பகையை நம்புவதும் முதல் பகுதி. ஊரார் கண்ணுக்குத் தெரிவது இதுவே. பேச்சுக் குறைதல், ஆர்வம் வற்றிப்போதல், குளிக்கவும் உடை மாற்றவும்கூட மனம் எழாமை ஆகியவை இரண்டாம் பகுதி. மூன்றாவது, அறிவின் செயல்பாட்டில் ஏற்படும் தளர்ச்சி: சொன்னதை மனத்தில் நிறுத்த இயலாமை, ஒன்றில் கவனத்தைப் பதிக்க இயலாமை, எதிரே இருப்பவரின் முகக்குறிப்பை உணர இயலாமை, ஒரு வேலையை முறைப்படுத்திச் செய்து முடிக்க இயலாமை. ஒருவர் மீண்டும் வேலைக்குச் செல்வாரா, தனித்து வாழ்வாரா என்பதைக் குரல்களைவிட இந்த மூன்றாம் பகுதியே பெரிதும் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இந்நோய்க்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்கு முன்னர் ஜெர்மனியின் எமில் கிரெப்பலின், 'இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு' என்னும் பொருள்படும் பெயரால் இதனை அழைத்தார். அறிவுத் தேய்வு அவர்கள் கண்ணில் அப்போதே பட்டிருக்கிறது. 1952இல் பாரிஸ் நகரின் மருத்துவமனை ஒன்றில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, மருந்துகளின் காலம் தொடங்கியது. அம்மருந்தும் அதன் வழித்தோன்றல்களும் கோடிக்கணக்கானோரைக் குரல்களின் கொடுமையிலிருந்து காத்தன. மருந்தின்றி இந்நோயை வெல்ல முயல்வது பேதைமை. இருந்தும் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் அவற்றின் பயன் குறைவே. அந்த இடைவெளியில்தான் உடற்பயிற்சி வந்து நிற்கிறது.

ஏரோபிக் என்றால் என்ன?

கை கால்களின் பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்கி, இதயத் துடிப்பையும் மூச்சையும் விரைவுபடுத்தும் பயிற்சிக்கு ஏரோபிக் என்று பெயர். வேகமாக நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல், நீந்துதல், மெல்ல ஓடுதல், கயிறு தாண்டுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பளு தூக்குதல் வேறு வகை. தேநீர்க் கடை வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவதும் இதில் சேராது. எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது உங்களால் பேச இயலவேண்டும், பாட இயலக்கூடாது. அதுவே மிதமான வேகம்.

ஆய்வுகள் கூறுவது

2010ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனச்சிதைவு நோயுள்ள 8 ஆண்கள், வாரம் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம் என நிலையான மிதிவண்டியில் மூன்று மாதம் பயிற்சி செய்தனர். அதே நோயுள்ள வேறு 8 பேர், அதே நேரம் மேசைக் கால்பந்து ஆடினர். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி உள்ளது. கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. புதிய நினைவுகளைப் பதிக்கும் வேலை அதனுடையது. இந்நோயாளிகளுக்கு அப்பகுதி சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பது வெகுநாளாக அறியப்பட்ட செய்தி. மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு அதன் பருமன் 12 விழுக்காடு கூடியிருந்தது. மேசையாட்டம் ஆடியவர்களுக்கு மாற்றம் இல்லை. அப்பகுதி வளர்ந்த அளவுக்கு ஏற்பக் குறுகிய கால நினைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது.

இச்செய்தியைக் கேட்டு மகிழ்ச்சியில் மிதமிஞ்சிவிடக் கூடாது. அது மிகச் சிறிய ஆய்வு. 2013இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இதனைவிடப் பெரிய குழுவில் உடற்பயிற்சியைச் சோதித்தபோது, ஹிப்போகேம்பஸ் பருமனில் அத்தகைய வளர்ச்சியைக் காணவில்லை. எனவே, "நடந்தால் மூளை வளரும்" என்று உறுதியாக முழங்குவதற்கு நமக்கு உரிமையில்லை.

மூளையின் பருமனை விட்டுவிட்டு, மனிதரின் திறனையே நேராக அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? 2015இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33 நோயாளிகளைக் கொண்டு ஆய்வு செய்தனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையுடன் 12 வாரம், வாரம் மும்முறை ஏரோபிக் பயிற்சி செய்தனர். மற்றவர்கள் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். பயிற்சி செய்தோரின் அறிவுத்திறன் மதிப்பெண் ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது. மற்றவர்களுக்கு 2 விழுக்காடு குறைந்தது. உடலின் உயிர்வளி ஏற்கும் திறன் எவருக்கு நன்கு கூடியதோ, அவருக்கே அறிவுத்திறனும் நன்கு கூடியது.

2017இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடைய துணைவர்களும், அதுவரை நடந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 385 நோயாளிகளின் முடிவுகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். நாம் மனத்தில் இருத்த வேண்டிய முடிவுகள் நான்கு.

ஒன்று: பயிற்சி செய்தோரின் அறிவுத்திறன் உண்மையாகவே மேம்படுகிறது, அம்மேம்பாடு சிறிதுக்கும் நடுத்தரத்திற்கும் இடைப்பட்டது.

இரண்டு: பயன் தெளிவாகத் தெரிந்தவை மூன்று. கவனம், ஒரு செயலைச் செய்துகொண்டே செய்தியை மனத்தில் ஏந்தி நிற்கும் செயல்நினைவு, பிறரின் மனநிலையை உணரும் சமூக அறிவு. சொற்களை மனனம் செய்யும் நினைவிலும், சிந்தனையின் வேகத்திலும் தெளிவான பயன் தென்படவில்லை.

மூன்று: பயிற்சி நிமிடங்கள் கூடக் கூடப் பயனும் கூடியது.

நான்கு: பயிற்சியாளர் ஒருவர் உடனிருந்து நடத்திய குழுக்களில் பயன் மிகுதியாக இருந்தது.

இந்நான்காவது முடிவைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். உடற்பயிற்சி ஆய்வுகளில் சேரும் இந்நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பாதியிலேயே விலகிவிடுகிறார் என்று மற்றோர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தகுதியுள்ளவர் உடனிருந்து நடத்தினால் விலகுவோர் குறைகின்றனர். ஆர்வம் வற்றிப்போவதே நோயின் ஒரு பகுதி என்று முன்னர் சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்டவரிடம் "போய் நட" என்று சொல்வது, கால் முறிந்தவரிடம் "எழுந்து நில்" என்று சொல்வதைப் போன்றது. அவருக்குக் கட்டளை வேண்டாம், துணைதான் வேண்டும்.

இது எவ்வாறு நிகழ்கிறது?

வேகமாக நடக்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெருகுகிறது. நரம்பணுக்களைப் பேணி, அவற்றுக்கிடையே புதிய இணைப்புகள் தோன்றத் துணைபுரியும் பி.டி.என்.எஃப். எனப்படும் ஒரு புரதம் உடற்பயிற்சியால் கூடுகிறது. அதனைப் பயிருக்கு இடும் உரத்திற்கு ஒப்பிடலாம். நான் கூறிய நியூயார்க் ஆய்விலும், அப்புரதம் கூடியதற்கும் அறிவுத்திறன் உயர்ந்ததற்கும் தொடர்பு காணப்பட்டது.

மற்றொரு பயனையும் மறக்கலாகாது. இந்நோய்க்கான மருந்துகளில் பல, பசியைத் தூண்டி உடல் எடையைக் கூட்டுகின்றன. நீரிழிவுக்கும் இட்டுச் செல்கின்றன. இந்நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர். அதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று இதயநோய். "மருந்துதான் பிள்ளையை ஊதிப்போகச் செய்கிறது" என்று வீட்டார் மருந்தை நிறுத்திவிடுவதும், நோய் மீண்டும் சீறி எழுவதும் நாம் காணும் அவலம். மருந்தை நிறுத்தாதீர்கள், நடையைச் சேருங்கள்.

செய்யும் முறை

முதலாவதாக, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். சில மருந்துகளால் கை கால் விறைப்போ, எழுந்து நின்றதும் தலைச்சுற்றலோ ஏற்படலாம். அதனையும் அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, சிறிதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மெல்ல மெல்ல அரை மணி நேரத்திற்கு உயர்த்துங்கள். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். அது சென்று சேரவேண்டிய ஊர். முதல் நாளே அங்கு நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வெயிலைத் தவிருங்கள். இம்மருந்துகளில் சில உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைப்பவை. நம் ஊர்க் கோடையில் ஃபஜ்ருக்குப் பின்னரும் அஸ்ருக்குப் பின்னரும் நடப்பதே நலம். தண்ணீர் கையில் இருக்கட்டும். ரமளானில் மருந்து நேரத்தையும் நடை நேரத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். நோன்பு நோற்கும் நிலையில் அவர் இல்லை என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நாம் மறுக்க வேண்டாம்.

நான்காவதாக, மிகக் கூட்டமான சாலையைத் தவிருங்கள். "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்னும் அச்சம் உள்ளவருக்குக் கடைத்தெரு கடுஞ்சோதனை. ஆற்றங்கரையும், பள்ளிக்கூட மைதானமும் ஏற்றவை. பேச்சை அவர் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள். பேசாமல் உடன் நடப்பதும் துணைதான்.

ஐந்தாவதாக, ஒருநாள் வரவில்லையென்றால் கடிந்துகொள்ளாதீர்கள். மறுநாள் அதே நேரத்தில் கதவைத் தட்டுங்கள்.

தொழுகை போதாதா?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. தொழுகை வணக்கம்; நாம் அதனை உடற்பயிற்சிக்காகத் தொழுவதில்லை. அதன் அசைவுகள் அமைதியானவை. மூச்சு வாங்கும் வேகத்தை எட்டுபவை அல்ல. ஆகவே ஆய்வாளர்கள் கூறும் ஏரோபிக் கணக்கில் தொழுகையைச் சேர்ப்பது முறையாகாது. பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்து வரும் நடையைச் சேர்த்துக்கொள்ளலாம். வீடு அருகில் இருப்பவர் சற்றுச் சுற்றி வரட்டும்!

உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே பேணவேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்று, நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். இப்னு ஸீனா தம் மருத்துவப் பெருநூலான கானூனின் முதற்பகுதியிலேயே உடற்பயிற்சிக்கு இடமளித்தார். அவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆனால் நம் காலத்தில் என்ன செய்தோம்?

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் பறிபோயின. எழுந்து ஓட இயன்றிருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. இரும்புச் சங்கிலி போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெளிப்பக்கம் தாழிட்ட மாடியறையும் ஒரு சங்கிலியே. "வெளியே வந்தால் ஊரார் என்ன சொல்வார்கள், தங்கைக்கு வரன் வருமா" என்னும் அச்சமும் ஒரு சங்கிலியே. அதன் மறுமுனை ஊராராகிய நம் கையில் இருக்கிறது.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. துஆ மூமினின் ஆயுதம். இன்றும் என்னிடம் வருவோருக்கு ஓதுகிறேன். ஆனால் நாற்பது நாள் பொறுக்கச் சொல்வதில்லை. ஓதி முடித்ததும், "மருத்துவமனைக்கு எப்போது செல்கிறீர்கள்? நானும் வருகிறேன்" என்றே கேட்கிறேன். செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்னும் அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவையைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

ஜமாஅத்திடம் என் வேண்டுகோள்

இதற்குக் கட்டடம் தேவையில்லை, பெரும் நிதியும் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள்கள், ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு நடைக்குழு புறப்படட்டும். அது நோயாளிகளின் குழு என்று பெயரிடப்பட வேண்டாம். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களும், ஓய்வுபெற்றோரும், இளைஞர்களும் அதில் சேரட்டும். அவர்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளைகளும் நடக்கட்டும். யார் எதற்காக நடக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டாம். அவர்களுக்கென்று இரண்டு இரண்டு பேராக முறைவைத்துத் துணை நிற்க, நிதானமும் வாய்க்கட்டுப்பாடும் உள்ள 12 பேர் தேவை. அவர்களுக்கு மருத்துவமனையிலிருந்து ஒருவரை அழைத்து அடிப்படைகளைக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். பெண்களுக்கு அஸ்ருக்குப் பின் பெண்கள் மத்ரஸா வளாகத்தில் தனிக்குழு அமைய வேண்டும். நோய் பெண்ணுக்கு வந்தால் மறைப்பது இருமடங்கு என்பது தாய்மார்களுக்கு நன்கு தெரியும். இயலாத குடும்பங்களுக்கு ஒரு ஜோடி காலணியும், மாதம் ஒருமுறை மருத்துவமனை செல்லப் பேருந்துக் கட்டணமும் பைத்துல்மாலிலிருந்து வழங்குமாறு நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவர் இன்று

இறுதியாக, அந்த மாணவரைப் பற்றி. மருத்துவரின் கேள்விக்குப் பின் நான் அவர் வீட்டுக்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் அவருடைய மாமன் மகன் ஃபஜ்ருக்குப் பின் அவரை அழைத்துக்கொண்டு நடந்தார். முதல் மாதம் பாதி நாள்கள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் மாதம் திறந்தது. இயன்ற நாள்களில் நானும் உடன் சென்றேன். மருந்து ஒருவேளையும் நிற்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அவருடைய தாயார் என்னிடம் சொல்லி அனுப்பிய செய்தி இது: "இன்று கடைக்கு அனுப்பினேன். சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று சாமான் சொன்னேன். மூன்றையும் வாங்கி வந்துவிட்டான்." அதைக் கேட்டு நான் அடைந்த மகிழ்ச்சியை அவர் பதினான்கு ஜுஸ்உகள் முடித்த அன்றுகூட அடையவில்லை.

அவர் இன்னும் முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை. மருந்து தொடர்கிறது, மனனம் செய்த பக்கங்கள் திரும்பவில்லை. அவை திரும்பும் என்று எந்த ஆய்வும் வாக்களிக்கவும் இல்லை. ஆனால் உறவினர் கடையில் அரைநாள் வேலை செய்கிறார். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். சென்ற மாதம் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஃபஜ்ருக்குப் பின் நான் நடைக்கு வரவில்லை என்று கண்டு, அவர் தாமாகவே என் அறைக் கதவைத் தட்டி, "ஹஜ்ரத், உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

சகோதரர்களே! பள்ளி வாசலில் முஅத்தின் அவர்கள் ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறார். 12 பெயர்கள் வேண்டும். முதல் பெயரை நான் எழுதிவிட்டேன். இனி 11 பெயர்களே தேவை. கலைந்து செல்லும் முன் எழுதிச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் பெற்றோருக்குப் பொறுமையையும், நமக்கு அவர்களோடு சேர்ந்து நடக்கும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.